எந்த ஊர்ப் படி?

ஒரு படி அரிசி கைமாற்று வாங்கினால் எத்தனை படி திருப்பிக் கொடுக்க வேண்டும்? "இது ஒரு கேள்வியா? ஒரு படிதான்!" என்று பளிச்சென்று சொல்லி விடுவீர்கள். இதே கேள்வியை உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால், "எந்த ஊர்ப் படி?" என்று அவர் திருப்பிக் கேட்பார். ஊருக்கு ஒரு படி இருந்த காலத்தைப் பார்த்தவர் அல்லவா? பட்டணத்துப் படி ஒன்று, தெற்குச் சீமைப் படி இன்னொன்று. பெயர்தான் ஒன்று; உள்ளே கொள்ளும் அரிசி ஒன்றல்ல.

பிறகு கிலோ வந்தது, லிட்டர் வந்தது. அவற்றுக்கும் முன்னதாக, 1957-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, நயா பைசா வந்தது. 16 அணாவாக இருந்த ரூபாய் அன்று முதல் 100 நயா பைசா. கணக்குப் போட்டால் ஓர் அணாவுக்கு 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அந்தக் கால் பைசா கடைக்காரர் பெட்டியில் விழுவதா, வாங்குகிறவர் முந்தானை முடிச்சிலேயே தங்குவதா? கால் பைசா என்ன பிரமாதம் என்று கேட்கலாம். தினம் ஆயிரம் பேருக்குச் சாமான் கொடுக்கிற கடையில் அது பிரமாதம்தான். ஓர் அளவு போய் இன்னோர் அளவு வரும்போது நடுவில் ஒரு மாற்றுக் கணக்கு முளைக்கிறது. அந்த மாற்றுக் கணக்கில் யாருக்கோ லாபம், யாருக்கோ நஷ்டம்.

படியும் அணாவும் போய் எத்தனையோ காலமாகிவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் புராணம் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இன்று பெரிய பெரிய பாங்குகளின் கணக்கு அறைகளில் இதே படிச் சண்டை நடந்து கொண்டிருக்கிறது. அங்கே அளப்பது அரிசியை அல்ல. கம்ப்யூட்டர் செய்யும் வேலையை!

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் சித்தி பெண். சென்னையிலே ஒரு கம்பெனியில் உத்தியோகம். கடல் கடந்த தேசத்தில் இருக்கும் ஒரு பாங்கின் கம்ப்யூட்டரை இங்கே இருந்தபடியே பராமரிக்கிறார்கள். அங்கே பகல் என்றால் நமக்கு ராத்திரி. ஆகவே ஊர் அடங்கும் வேளையில் அவள் வேலைக்குக் கிளம்புவாள். "அப்படி என்னதாண்டி வேலை உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அளக்கிற வேலை, அக்கா. அந்த யந்திரம் எவ்வளவு உழைத்தது, யாருக்காக உழைத்தது என்று அளந்து சொல்ல வேண்டும்."

"யந்திரத்தின் உழைப்பை அளந்து என்ன ஆகப் போகிறது? அது என்ன கூலியா கேட்கிறது?"

அவள் சிரித்தாள். "அது கேட்கவில்லை. அதை விற்றவர்கள் கேட்கிறார்கள்."

நாம் மேஜையின் மேல் வைத்துக் கொள்ளும் கம்ப்யூட்டரையோ, மடியில் வைத்துக் கொள்ளும் கம்ப்யூட்டரையோ நினைத்துக் கொள்ளாதீர்கள். இது 'மெயின்ஃப்ரேம்' என்ற ராட்சஸ ஜாதி. பாங்குக் கணக்கு, இன்ஷூரன்ஸ், விமான டிக்கெட் என்று ஒரு நொடிகூட நிற்கக் கூடாத காரியங்களுக்கென்றே பிறந்தது. இந்த ஜாதியின் குலமுதல்வன் 1964-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி அறிவித்த 'ஸிஸ்டம் 360'. அதற்கு முன்னாலும் கம்ப்யூட்டர்கள் உண்டு. ஆனால் ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றுக்குப் புரியாது. பெரிய யந்திரம் வாங்கினால் எல்லாப் புரோகிராம்களையும் ஆதியிலிருந்து எழுத வேண்டும். ஐ.பி.எம். செய்த புதுமை என்னவென்றால், சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒரு குடும்பமாகவே யந்திரங்களைச் செய்து, எல்லாவற்றுக்கும் ஒரே பாஷையை வைத்ததுதான். அந்தக் குடும்பம் இன்னும் தழைத்துக் கொண்டிருக்கிறது. 2025-ல் அறிவிக்கப்பட்ட 'இஸட் 17' அதன் வாரிசு.

பாஷை ஒன்றாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் அன்றைக்கே படிச் சண்டைக்கும் விதை போட்டாயிற்று. ஒரே புரோகிராம் சின்ன யந்திரத்திலும் ஓடுகிறது, பெரிய யந்திரத்திலும் ஓடுகிறது. சின்னதில் 100 வினாடி எடுத்தது பெரியதில் 40 வினாடியில் முடிகிறது. வேலை ஒன்றே, வினாடி வேறு. அப்படியானால் வேலையை எதனால் அளப்பது?

ஆரம்ப காலத்தில் இந்தக் கவலை அதிகமில்லை. யந்திரத்தை வாடகைக்கு எடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். நம் வீட்டு மின்சார மீட்டர் மாதிரி அதிலே ஒரு மீட்டர் இருக்கும். மாதத்துக்கு 176 மணி நேரம் வரை ஒரே வாடகை; அதாவது நாளைக்கு 8 மணி வீதம் 22 நாள். அதற்கு மேல் ஓட்டினால் மேற்கொண்டு பணம். வேடிக்கை என்னவென்றால், மீட்டர் ஒன்றல்ல, இரண்டு! ரிப்பேர் செய்ய வருகிற இஞ்சினீயர் ஒரு சாவியைத் திருப்பினால் அவருடைய மீட்டர் ஓடும், வாடிக்கைக்காரர் மீட்டர் நின்று விடும். தம் வீட்டு ரிப்பேருக்குத் தாமே வாடகை கொடுப்பானேன்? நியாயமான ஏற்பாடு.

ஒரு யந்திரத்தில் ஒரு வேலை என்றிருந்த வரையில் இந்த மீட்டர் போதும். ஒரே யந்திரத்தில் ஒரே சமயத்தில் நூறு பேர் வேலை பார்க்கத் தொடங்கியதும் போதவில்லை. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே மீட்டர் இருந்தால் பெரியவர் பங்கு எவ்வளவு, சின்னவர் பங்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதற்காக யந்திரமே குறிப்பு எழுதத் தொடங்கிற்று. ஒவ்வொரு வேலையும் முடியும்போது இன்ன பெயர், இன்ன நேரம் தொடக்கம், இன்ன நேரம் முடிவு, நடுவில் பிராஸஸர் உண்மையாக உழைத்தது இத்தனை வினாடி என்று ஒரு குறிப்பு விழும். இதற்கு எஸ்.எம்.எஃப். குறிப்பு என்று பெயர். என் சித்தி பெண் தினமும் பார்ப்பது இந்தக் குறிப்புக்களைத்தான்.

'உண்மையாக உழைத்தது' என்று சொன்னேன் அல்லவா? அதைக் கவனியுங்கள். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு அது வேகும் வரையில் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறீர்கள். பருப்பு வேக முக்கால் மணி. உங்கள் கை பட்டது ஐந்து நிமிஷம். யந்திரமும் அப்படித்தான். தகவல் வந்து சேரும் வரையில் ஒரு வேலையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கும். கணக்கில் ஏறுவது முக்கால் மணி அல்ல; கை பட்ட ஐந்து நிமிஷம் மட்டுமே.

சரி, வினாடி கிடைத்தது. ஆனால் எந்த ஊர் வினாடி?

இதற்கு ஐ.பி.எம்.காரர்கள் ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். 'ஸர்வீஸ் யூனிட்' என்று பெயர். ஒவ்வொரு மாடல் யந்திரத்துக்கும், அதன் பிராஸஸர் வினாடிக்கு இத்தனை ஸர்வீஸ் யூனிட் என்று அட்டவணையே உண்டு. வினாடியை அதனால் பெருக்கினால் வேலையின் அளவு. மனத்தில் பதிவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய யந்திரம் வினாடிக்கு 20,000 யூனிட், புதியது 50,000 யூனிட் என்று வைத்துக் கொள்ளுங்கள். பழையதில் 100 வினாடி ஓடிய வேலை 20 லட்சம் யூனிட். அதையே புதியதில் ஓட்டினால் 20 லட்சத்தை 50,000-ஆல் வகுக்க வேண்டும், 40 வினாடி. படியைத் தூர வைத்துவிட்டுத் தராசை எடுத்த மாதிரி! மணிக்குப் பத்து லட்சம் யூனிட் என்பதை ஒரு எம்.எஸ்.யு. என்கிறார்கள். பாங்குக்கு வருகிற பில் பெரும்பாலும் இந்த எம்.எஸ்.யு. கணக்கில்தான் வரும்.

அந்த அட்டவணையில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு யந்திரத்துக்குள் பிராஸஸர்களின் எண்ணிக்கை ஏற ஏற, ஒவ்வொன்றுக்கும் போட்டிருக்கும் யூனிட் சற்றுச் சற்றுக் குறைந்து கொண்டே போகும். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு சமையலறையில் ஒருத்தி நின்றால் ஒரு பங்கு வேலை. இரண்டு பேர் நின்றால் இரண்டு பங்கு ஆகிவிடுகிறதா? உப்பு ஜாடிக்கு இருவரும் கை நீட்டுவார்கள்; ஒருத்தி நகர்ந்தால்தான் மற்றவள் அடுப்படிக்குப் போகலாம். நாம் கண்டுபிடித்த விஷயம்தான். ஐ.பி.எம்.காரர்கள் அட்டவணை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'மிப்ஸ்' என்று இன்னோர் அளவும் உண்டு. வினாடிக்கு எத்தனை பத்து லட்சம் கட்டளைகளை யந்திரம் நிறைவேற்றுகிறது என்பது அது. கேட்பதற்கு மிகவும் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டளையில் சின்னது பெரியது இல்லையா? இந்த யந்திரத்தில் ஒரே ஓர் எழுத்தை நகர்த்துவதும் ஒரு கட்டளை; 1 கோடியே 67 லட்சம் எழுத்துக்களை ஒரேயடியாக நகர்த்துவதற்கும் ஒரு கட்டளை உண்டு. இரண்டும் 'ஒன்று' என்று எண்ணினால், கறிவேப்பிலை கிள்ளியதும் கல்யாண விருந்து சமைத்ததும் ஆளுக்கு ஒரு வேலை என்று எழுதிக் கொள்வது போலத்தான். அதனால்தான் மிப்ஸ் என்ற எழுத்துக்களை, 'வேகத்தைக் காட்டும் அர்த்தமற்ற எண்' என்று அந்தத் தொழில்காரர்களே விரித்துக் கேலி செய்கிறார்கள். கேலி செய்தாலும் விடவில்லை. ஒரு எம்.எஸ்.யு.வுக்குச் சுமார் 8 மிப்ஸ் என்று வாய்க்கணக்கும் வைத்திருக்கிறார்கள். அந்த 8 எல்லா யந்திரத்துக்கும் பொருந்தாது. முன்பு அது 6-க்குப் பக்கத்தில் இருந்தது. மதிப்புப் போட உதவும்; பில் கொடுக்க உதவாது.

"அக்கா, இன்னொன்று கேள். ஒரே வேலை, ஒரே யந்திரம். ஆனாலும் திங்கட்கிழமை ஒரு வினாடிக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை வேறு கணக்கு" என்றாள் ஒரு நாள்.

இதற்கும் காரணம் இருக்கிறது. கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் கைக்கு எட்டும் அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் தாளிக்க எவ்வளவு நேரம்? அதுவே பரணில் இருந்தால்? பிராஸஸருக்குப் பக்கத்திலேயே சிறிய, வேகமான ஞாபகப் பெட்டி ஒன்று இருக்கிறது. தூரத்தில் பெரிய கிடங்கு இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளில் வேண்டிய தகவல் பெட்டியிலேயே இருக்கும். நெரிசல் நாளில் ஒருவர் வைத்ததை மற்றவர் எடுத்து வெளியே தள்ளிவிடுவார்; மறுபடி கிடங்குக்கு நடை. நடக்கிற நேரமும் கணக்கில் சேரும். ஆகவே, இந்த யந்திரத்தைவிட அந்த யந்திரம் எத்தனை மடங்கு என்று கேட்டால் ஐ.பி.எம்.கூட ஒரே பதில் சொல்வதில்லை. பலவிதமான வேலைகளை ஓட்டிப் பார்த்து, கிடங்குக்கு அதிகம் நடக்காத வேலைக்கு இவ்வளவு, நடுத்தரத்துக்கு இவ்வளவு, ஓயாமல் நடக்கிற வேலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எண்களைப் பிரசுரிக்கிறது. ஒரே எண்ணை நம்பிக் கோடிக்கணக்கில் யந்திரம் வாங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு படி இருப்பதும் உண்டு. 2006-ல் 'ஸிப்' என்று ஒரு தனி ரகப் பிராஸஸர் வந்தது. குறிப்பிட்ட சில வேலைகளை அதில் ஓட்டினால் ஐ.பி.எம். புரோகிராம் வாடகைக் கணக்கில் அந்த வேலை சேராது. சாதாரணப் பிராஸஸரை, விலை மலிவாக இருக்கட்டும் என்று, வேகத்தைக் குறைத்தும் வாங்கலாம். ஸிப் மட்டும் எப்போதும் முழு வேகம். அப்படிப்பட்ட இடத்தில் ஸிப்பில் ஓடிய ஒரு வினாடியைச் சாதாரண வினாடியோடு அப்படியே கூட்டினால் கணக்குத் தப்பு. அதற்கென்று உள்ள மாற்று எண்ணால் பெருக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபோது, ஏதோ பெரிய இடத்துக் கணக்குப்பிள்ளைகளின் தலைவலி என்றுதான் எனக்குத் தோன்றிற்று. ஒரு மனிதருடைய பிழைப்பு இதில் தொங்கிற்று என்று பிறகு தெரிந்து கொண்டேன்.

அவளுடைய இலாகாவில் ஒரு பெரியவர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. தினமும் எல்லாக் கணக்குகளுக்கும் வட்டி போடும் பழைய கோபால் பாஷைப் புரோகிராம் ஒன்றை இருபது வருஷமாகக் கட்டிக் காத்து வருகிறவர். அவருக்குக் கீழே நாலைந்து இளைஞர்கள். அந்த வருஷம் பாங்குக்கு வந்த பில் மளமளவென்று ஏறிவிட்டது. யார் காரணம் என்று விசாரணை. எவரோ எல்லாப் புரோகிராம்களையும் வினாடி வாரியாக வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டார். முதல் பெயர் வட்டிப் புரோகிராம்! "பழைய சரக்கு, இதுதான் யந்திரத்தைத் தின்கிறது. எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி விடுவோம், இந்தக் கோஷ்டியும் இனி வேண்டியதில்லை" என்று பேச்சு நடந்தது. பெரியவர் வாயைத் திறக்கவில்லை. 'கணக்கு அப்படிச் சொல்கிறது, நான் என்ன சொல்வது?' என்று சும்மா இருந்துவிட்டார்.

என் சித்தி பெண் அந்தப் பட்டியலை எடுத்துக் கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தாள். அவள் சொன்ன எண்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். பட்டியலில் வட்டிப் புரோகிராம் 3,000 வினாடி. அதற்கு அடுத்தபடி, வாடிக்கைக்காரர்களுக்குக் கணக்கில் பாக்கி எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் புரோகிராம், 2,000 வினாடி. ஆனால் முதலாவது ஓடியது பழைய, மெதுவான யந்திரத்தில். இரண்டாவது ஓடியது புதிய, வேகமான யந்திரத்தில். ஒன்று இந்த ஊர்ப் படி, மற்றது அந்த ஊர்ப் படி! வினாடிக்கு 20,000 யூனிட் வீதம் முதலாவது 6 கோடி யூனிட். வினாடிக்கு 50,000 வீதம் இரண்டாவது 10 கோடி யூனிட். வரிசை தலைகீழாகி விட்டது.

அதோடு முடியவில்லை. பில் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த பாங்கைப் போலப் பல இடங்களில் புரோகிராம் வாடகை மொத்த உழைப்புக்கு அல்ல, உச்ச உழைப்புக்கு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யந்திரத்தின் உழைப்பைக் குறித்து வைத்து, கடைசியாக வந்த 48 குறிப்புக்களுக்கு, அதாவது நான்கு மணி நேரத்துக்கு, சராசரி பார்த்துக் கொண்டே போவார்கள். 2-ந் தேதியிலிருந்து அடுத்த மாதம் முதல் தேதி வரையில் அந்தச் சராசரி எந்த மணியில் உச்சத்தைத் தொட்டதோ, அதுவே அந்த மாதத்தின் அளவு. திடீரென்று நாலு விருந்தாளிகள் வந்து அரை மணி அமளிப்பட்டால் பாதகமில்லை, சராசரியில் கரைந்துவிடும். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் காலை 6 மணியிலிருந்து 10 மணி வரையில் இடைவிடாமல் பட்சணம் செய்தீர்களே, அந்த வேகத்தை வைத்து மாதம் முழுவதற்கும் சமையற்காரருக்குச் சம்பளம் என்றால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட கணக்கு அது. (இது பிடிக்காதவர்களுக்கென்று, வருஷம் முழுவதும் செய்த மொத்த வேலைக்குப் பணம் கொடுக்கும் முறையையும் 2019-ல் கொண்டு வந்தார்கள்.)

வட்டிப் புரோகிராம் ஓடிய நேரம் எது? அந்த ஊரில் பின்னிரவு 2 மணி. யந்திரம் தூங்கி வழியும் நேரம். அப்போது அது இரண்டு மடங்கு உழைத்தாலும் உச்சம் ஏறப் போவதில்லை. பில்லில் ஒரு காசு கூடப் போவதில்லை. அதை எடுத்துவிட்டால் ஒரு காசு குறையப் போவதும் இல்லை! உச்சம் ஏறியது எப்போது தெரியுமா? சம்பள தினத்தன்று காலையில். கையிலே டெலிபோனை வைத்துக் கொண்டு, சம்பளம் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஜனங்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார்களே, அந்த வேளையில். ஒவ்வொரு பார்வையும் சின்ன வேலைதான். லட்சக்கணக்கான பேர் பார்த்தால்? இது அந்த ஒரு பாங்கின் கதை மட்டுமல்ல. கைபேசி மூலம் வருகிற இந்த வேலைக்கென்று ஐ.பி.எம். 2014-ல் ஒரு தனிச் சலுகைக் கணக்கே அறிவித்தது. நம்மில் எத்தனை பேர் முதல் தேதி காலையில் இந்தக் காரியத்தைச் செய்கிறோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

அவள் கணக்கைக் கொண்டு போய் வைத்தாள். பேச்சு அடங்கிற்று. வட்டிப் புரோகிராம் பிழைத்தது, இளைஞர்களும் பிழைத்தார்கள். பெரியவர் அவளைக் கூப்பிட்டு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். மறுநாள் இருபது வருஷமாகத் தாம் வைத்திருந்த குறிப்பு நோட்டைக் கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, "இனிமேல் இது உன்னிடம் இருக்கட்டும், அம்மா" என்று மட்டும் சொல்லிப் போனாராம். இதைச் சொல்லும்போது அவள் குரல் சற்றுக் கம்மிற்று.

இந்த விஷயத்தில் என் மனத்தில் தங்கிவிட்டது இன்னொரு சமாசாரம். யந்திரம் மொத்தமாக எவ்வளவு உழைத்தது என்று ஒரு பக்கம் தெரியும். ஒவ்வொரு வேலையின் பெயரிலும் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று இன்னொரு பக்கம் தெரியும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? இருப்பதில்லை! மொத்தம் 100 நிமிஷம் என்றால் பெயர் எழுதியதெல்லாம் கூட்டினால் 90 நிமிஷம்தான் வரும். மீதிப் 10 நிமிஷம் என்ன ஆயிற்று? யந்திரம் சும்மா இருக்கவில்லை. அடுத்தது யார் என்று பார்ப்பது, கதவைத் தட்டுகிறவனுக்குப் பதில் சொல்வது, இடம் ஒழித்துக் கொடுப்பது என்று எல்லோருக்குமாக உழைத்திருக்கிறது. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாததால் யார் பெயரிலும் எழுதவில்லை. பெயரில் ஏறிய பங்குக்கு 'பிடிபட்ட விகிதம்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே அது 90 சதவிகிதம். மீதி, பிடிபடாத நேரம்.

அந்தத் தொழில்காரர்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான். பிடிபடாததை இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை. ஓர் இலாகாவின் பெயரில் 45 நிமிஷம் இருந்தால் அதை 90 சதவிகிதத்தால் வகுத்து 50 நிமிஷம் என்று வைத்துக் கொள்கிறார்கள். பெயரில்லாத உழைப்பை எல்லோர் தலையிலும் பங்கு போட்டு விடுகிறார்கள். இதிலும் நூற்றுக்கு நூறு நியாயம் கிடையாது. அடிக்கடி கதவைத் தட்டுகிற வேலைக்குப் பிடிபடாத நேரம் ஜாஸ்தி. தன்பாட்டுக்கு ஒரு மூலையில் கணக்குப் போடுகிற வேலைக்குக் குறைச்சல். கவனமாக அளக்கிறவர்கள் அதையும் பார்த்துத் தனித்தனி விகிதம் வைப்பார்கள்.

சகோதரிகளே, இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதுதான் எனக்கும் தோன்றிற்று. என் வீட்டில் நான் ஆபீஸ் போகிறவள். என் உழைப்புக்கு மாதம் பிறந்தால் ஒரு சீட்டு வருகிறது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளுக்கும் ஓர் அளவு இருக்கிறது. பாத்திரத்துக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு. ஆனால் காஸ் எப்போது தீரும் என்று நினைவு வைத்துக் கொள்வது, தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்திருப்பது, பள்ளிக்கூடத்தில் நாளைக்கு என்ன கொண்டு வரச் சொன்னார்கள் என்று கேட்டு வைப்பது, எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்ப்பது... இவை யார் பெயரில் எழுதியிருக்கின்றன? பெரும்பாலான வீடுகளில் யாரோ ஒருத்தி இவற்றைச் செய்து கொண்டுதான் இருக்கிறாள். என் வீட்டில் அது என் மாமியார். எந்தக் குறிப்பிலும் அவர் பெயர் விழுவதில்லை. ஆனால் அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் என் ஆபீஸ் வேலை எத்தனை மெதுவாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

யந்திரத்துக்கு மனம் கிடையாது. அதன் பிடிபடாத நேரத்தை யார் தலையில் எழுதினாலும் அது வருத்தப்படப் போவதில்லை. ஆனாலும் அதற்கென்று விகிதம் கண்டுபிடித்து, வகுத்து, பங்கு போட்டு, ராத்திரி கண் விழித்துச் சரி பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள், பில் என்று ஒன்று இருப்பதால். பில் இல்லாத இடத்தில் யாரும் அளப்பதில்லை. அளக்காவிட்டால் வேலை இல்லை என்றாகி விடுமா?

அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது, "அவர் இவ்வளவு நேரம் உழைக்கிறார், நீ என்ன செய்தாய்?" என்று இரண்டு பேருடைய நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால், கோபித்துக் கொள்ளாதீர்கள். அந்த பாங்கில் அவள் கேட்ட மூன்று கேள்விகளை நீங்களும் நிதானமாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே படியால் அளந்தீர்களா? உச்சமான நாலு மணி நேரத்தில் அடுப்படியில் நின்றது யார்? யார் பெயரிலும் எழுதாத பத்து நிமிஷம் எங்கே? பதில் சொல்லத் தெரியாமல் அவர்கள் விழித்தால், பாதகமில்லை. கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். கணக்குப் போட்டு முடிக்கும் வரையில் காஸ் எப்போது தீரும் என்பதையும் அவர்களே நினைவு வைத்துக் கொள்ளட்டும்!